கோழிக்கொட்டாய் தெர்மாமீட்டரில் தொடங்கி வெப் தொலைநோக்கி வரை: சிறுகோளையும் புறக்கோளையும் அளக்கப் பழகுவது எப்படி

மாமாவின் கோழிக்கொட்டாயில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. குண்டடம் பக்கம் இருக்கிற பிராய்லர் பண்ணை அது. ஒரு நாள் வயதுக் குஞ்சு வந்து இறங்கினால் முதல் வாரம் முழுக்கத் தரை 32, 33 டிகிரியில் நிற்க வேண்டும், கொஞ்சம் குளிர்ந்தாலும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும், அதனால் மாமா ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து போய், தேங்காய்நார்த் தூள் பரப்பிய தரையைத் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரால் சுட்டுச் சுட்டுப் பார்ப்பார். கொரோனா சமயத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதன் வகையறாதான். ஒரு நாள் அதைக் கையில் வாங்கி, சும்மா வானத்தைப் பார்த்து அழுத்தினேன். வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த அம்மாயி, "ஏஞ்சாமி, வானத்துக்குமா காச்சல் பாக்கற?" என்றார்.

அகச்சிவப்பு வானியல் என்பது கிட்டத்தட்ட அதுதான். தொட முடியாத தூரத்தில், ஒரு புள்ளியாகக்கூடச் சரியாகத் தெரியாத ஒன்றின் சூட்டை வைத்து அது எவ்வளவு பெரியது, எதனால் ஆனது, அதன் மேல் காற்று இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. இதைக் கற்றுக்கொள்ளத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு லேப்டாப், ஓரளவு நெட், பிளஸ் டூ இயற்பியலில் மறக்காமல் மிச்சம் இருப்பது, கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, அந்தத் தெர்மாமீட்டர், இவ்வளவு போதும். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த தரவில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடக்கிறது.

தொடங்குமுன் ஒன்று. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே புறக்கோளுக்குப் போய்விடுகிறார்கள், அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்கு. வேற்றுக்கிரகக் காற்று, உயிர், செய்தித்தாள் தலைப்பு, ஆசை யாரை விட்டது. என் கருத்து, முதலில் சிறுகோளில், அதாவது நம் சூரியனைச் சுற்றும் பாறைத் துண்டுகளில், கை பழகுங்கள். இரண்டும் ஒரே கணக்குதான், சிறுகோளில் தப்பு செய்தால் சீக்கிரம் தெரிந்துவிடும், புறக்கோளில் தப்பு செய்தால் அது கண்டுபிடிப்பு மாதிரியே தெரியும்.

முதல் படி: தெர்மாமீட்டரோடு ஒரு வாரம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போய்விட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன்.

இந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரையான அகச்சிவப்பை அளக்கின்றன. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 0.4-லிருந்து 0.7 மைக்ரானுக்குள் முடிந்துவிடும்.) மத்தியானம் வெயிலில் கிடக்கும் பளபளப்பான அலுமினியத் தகட்டை அளந்து பாருங்கள். கை வைத்தால் பொத்துப்போகும், ஆனால் திரையில் அதைவிட வெகுவாகக் குறைந்த எண் வரும். மாமா இதைப் பார்த்துவிட்டுச் சாதனம் கெட்டுப்போச்சு என்று வாங்கின கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டார். சாதனம் கெடவில்லை. பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே விடாது, எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும், இதற்கு உமிழ்திறன் குறைவு என்று பெயர். அதே தகட்டில் ஒரு ஓரம் கறுப்புப் பெயின்ட் அடித்து அளந்தால் உண்மை தெரியும். பாறை, மண், தோல், துணி எல்லாவற்றுக்கும் உமிழ்திறன் 0.9-க்குப் பக்கம். சிறுகோளுக்கும் கணக்கில் 0.9 என்றே போடுவார்கள்.

அடுத்தது நம் திருப்பூர்ச் சரக்கு. ஒரு வெள்ளை பனியன், ஒரு கறுப்பு டி-ஷர்ட், இரண்டையும் ராத்திரி கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தால் ஒரே எண் வரும். கண்ணுக்கு இரண்டும் எதிரெதிர், வெப்பத்துக்கு இரண்டும் ஒன்று. இதை மனதில் வையுங்கள், நான்காம் படியில் இதுதான் துருப்புச்சீட்டு.

சாயங்காலம் ஏழு மணிக்கு சிமென்ட் களத்தையும் பக்கத்தில் உழுது போட்டிருக்கும் காட்டையும் அளந்து பாருங்கள், பிறகு பத்து மணிக்கு ஒரு தடவை. களம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும், புழுதி சட்டென்று ஆறிவிடும். எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதை வைத்து, தொடாமலே அது பாறையா தூளா என்று சொல்லலாம். இதை வெப்ப நிலைமம் என்கிறார்கள்.

அப்புறம் வானம். மேகம் இல்லாத தை, மாசி ராத்திரியில் தலைக்கு நேர் மேலே அழுத்துங்கள், பக்கத்தில் மேகத் திட்டு இருந்தால் அதையும் அளங்கள். மேகம் சூடாகக் காட்டும், வெற்று வானம் வெகு குளிர்ச்சியாகக் காட்டும். வெற்று வானம் என்றாலும் அது விண்வெளியின் குளிர் இல்லை, நடுவில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் தங்கள் சூட்டைச் சேர்த்துவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் அளந்தால் எண் இன்னும் ஏறும். பகலில் செய்தால் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் உணரி போய்விடும்.

கடைசியாக ஒரு மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து, ஓரடியில் இருந்து அளங்கள், பிறகு பத்தடி, இருபதடி என்று தள்ளித் தள்ளிப் போங்கள். எண் இறங்கிக்கொண்டே வரும். சாதனத்தின் மேல் 12:1 என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம், பன்னிரண்டடி தள்ளி நின்றால் அது ஓரடி வட்டத்தின் சராசரியைப் பார்க்கிறது என்பது. சட்டியும் சுவரும் கலந்துதான் எண் வருகிறது. நட்சத்திரமும் அதன் கோளும் இப்படித்தான் ஒரே பிக்சலில் கலந்து கிடக்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வகுத்தல்

2898-ஐப் பொருளின் வெப்பநிலையால் (கெல்வினில்) வகுத்தால், அது எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது என்று மைக்ரானில் கிடைக்கும். சூரியன் 5800 கெல்வின், விடை 0.5. நம் உடம்பு 310, விடை 9.3. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சிறுகோளின் உச்சிவெயில் படும் இடம் 400 கெல்வின் வரை போகும், விடை 7 மைக்ரான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள் பட்டையில், 2.7 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 2.7 மடங்கு) தூரத்தில், அதுவே 245 கெல்வின் வாக்கில் வரும், விடை 12 மைக்ரான். எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி என்பதை இந்த வகுத்தலே சொல்லிவிடும்.

மூன்றாம் படி: எந்தத் தொலைநோக்கி எதற்கு

தரையில் இருந்து 10 மைக்ரானில் பார்ப்பது, கொட்டாய்க்குள் பல்பு எல்லாம் எரியும்போது மின்மினி தேடுவது மாதிரி. காற்றும் அதே அலைநீளத்தில் ஒளிர்கிறது, தொலைநோக்கியின் கண்ணாடியும் ஒளிர்கிறது. அதனால் மேலே போக வேண்டும், மேலே போயும் கருவியைக் குளிர வைக்க வேண்டும்.

1983-ல் பறந்த ஐராஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி, குளிர வைக்கும் திரவ ஹீலியம் தீரும் வரை பத்து மாதம் வேலை செய்தது. அதற்குள் ஃபேத்தான் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது, விண்கலம் ஒன்று கண்டுபிடித்த முதல் சிறுகோள் அதுதான். மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மொட்டைமாடியில் படுத்தால் தெரியும் ஜெமினிட் எரிகல் மழைக்கு அதன் தூசிதான் காரணம். அடுத்து ஸ்பிட்சர் தொலைநோக்கி 2003-ல் போனது, 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்தது, ஆனால் 3.6, 4.5 மைக்ரான் ஆகிய இரண்டு அலைநீளப் பட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை ஓட்டிவிட்டார்கள். புறக்கோள் வேலையில் அதன் பெரும் பங்கு இந்தக் கேஸ் தீர்ந்த காலத்தில் நடந்தது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

நமக்கு வேண்டியது இரண்டு. சிறுகோளுக்கு வைஸ், 40 செ.மீ. கண்ணாடிதான், 2009 டிசம்பரில் ஏவினார்கள், நான்கு பட்டைகள்: 3.4, 4.6, 12, 22 மைக்ரான். நடுவில் தூங்கவைத்து, 2013 டிசம்பரில் எழுப்பி, நியோவைஸ் என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் வரை ஓட்டினார்கள். புறக்கோளுக்கு ஜேம்ஸ் வெப், 6.5 மீட்டர் கண்ணாடி, பூமியில் இருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, ஐந்து அடுக்குக் குடை நிழலில் இருக்கிறது. அதன் மிரி என்ற கருவியை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்கிறார்கள், அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கும் கீழே.

நான்காம் படி: ஒரு சிறுகோளை அளப்போம்

ஏன் அகச்சிவப்பு என்பதை முதலில் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். சாதாரணத் தொலைநோக்கியில் சிறுகோள் ஒரு புள்ளி, அதன் பிரகாசத்தை ஹெச் என்ற எண்ணால் குறிப்பார்கள். ஹெச் 22 என்று ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது கரி மாதிரி நான்கு சதவீத ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிற கல் என்றால் விட்டம் 265 மீட்டர். 36 சதவீதம் திருப்பி அனுப்பும் வெளிர் கல் என்றால் 88 மீட்டர். விட்டம் மூன்று மடங்கு வித்தியாசம், கன அளவில் 27 மடங்கு! ஒரே பிரகாசம், ஆனால் ஒன்று மாவட்டத்தையே காலி செய்யும், இன்னொன்றின் சேதம் அதைவிட வெகு குறைவு.

இப்போது வெப்பத்தில் பாருங்கள். எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைக் கணக்கிட்டால் கரிக்கல் சூரிய ஒளியில் 98 சதவீதத்தை விழுங்குகிறது, வெளிர் கல் 86 சதவீதம். விழுங்கியது எல்லாம் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஆக, ஒரே அளவுள்ள இரண்டு கற்கள் கண்ணுக்கு ஒன்பது மடங்கு வேறுபடும், அகச்சிவப்பில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் வேறுபடும். கறுப்பு டி-ஷர்ட்டும் வெள்ளை பனியனும் ஞாபகம் இருக்கிறதல்லவா.

சரி, வேலைக்கு வருவோம். வைஸ் தரவு இர்சா என்ற காப்பகத்தில் இருக்கிறது, கால்டெக் நிறுவனத்தின் ஐபேக் நடத்துவது. அங்கே நகரும் பொருள் தேடும் கருவி ஒன்று உண்டு, 'மோஸ்ட்' என்று பெயர். சிறுகோளின் எண்ணைக் கொடுத்தால், அது எந்தெந்தப் படத்தில் எந்த நேரத்தில் விழுந்திருக்கும் என்று பட்டியல் தரும். நான் முதலில் கொடுத்த எண் 4130. அது இராமானுஜன். ஜவ்வாது மலைக் காவலூரில் 1988-ல் கண்டுபிடித்த சிறுகோள், நம் பக்கத்துக்காரன். நீங்களும் அதிலேயே தொடங்கலாம், பட்டையில் சுற்றும் வேறு நான்கு இலக்க எண்ணையும் எடுக்கலாம். சீரிஸ், வெஸ்டா மாதிரிப் பெரிய தலைகளை எடுக்காதீர்கள், அவற்றின் பிரகாசத்தைக் கருவி தாங்காது.

தேடும்போது 2010 ஜனவரி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை மட்டும் பாருங்கள். 22 மைக்ரான் பட்டை அதுவரைதான் வேலை செய்தது, 12 மைக்ரான் அதற்குச் சில வாரம் கழித்துப் போனது. எனக்கு இது தெரியாது. 2015-ம் ஆண்டுத் தரவை இறக்கி, இரண்டு பத்திகளும் காலியாக வருவதைப் பார்த்து, என் நிரலில்தான் பிழை என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுப்பிய பிறகு வைஸிடம் குளிர்விக்க எதுவும் இல்லை, 3.4-ம் 4.6-ம் மட்டும்தான்.

ஒரு சிறுகோள் அந்த வழியாகப் போகும்போது வைஸ் அதை ஒன்றிரண்டு நாளுக்குள் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு முறை படமெடுத்திருக்கும். அந்த அளவீடுகளை ஒரு அட்டவணையில் போட்டு, களை எடுங்கள். நிலா வெளிச்சம் பட்ட படங்களைத் தள்ளுங்கள், படத்தின் தர எண் பூஜ்யமாக இருப்பதைத் தள்ளுங்கள். மிக முக்கியமாக, ஒவ்வொரு இடத்திலும் சிறுகோள் இல்லாத நாளில் ஏதாவது நட்சத்திரம் இருக்கிறதா என்று ஆல்வைஸ் என்ற, வைஸ் கண்ட நட்சத்திரங்களின் பட்டியலில் பாருங்கள், இருந்தால் அந்த அளவீடு உங்களுடையது இல்லை, நட்சத்திரத்தினுடையது. இந்தக் களை எடுப்புக்குத்தான் நேரம் போகும், கணக்குக்கு இல்லை.

அடுத்து, பிரகாச எண்ணை ஆற்றலாக மாற்ற வேண்டும். 12 மைக்ரானில் பூஜ்ய எண் என்றால் 31.67 ஜான்ஸ்கி (வந்து சேரும் ஆற்றலை அளக்கும் அலகு), 22 மைக்ரானில் 8.36 ஜான்ஸ்கி. ஒவ்வொரு ஐந்து எண்ணுக்கும் நூறு மடங்கு குறையும். பொருள் குளிர்ந்தது என்பதால் சின்ன நிறத் திருத்தம் ஒன்று போட வேண்டும், அதன் அட்டவணை வைஸ் கையேட்டில் இருக்கிறது. 22-க்கும் 12-க்கும் உள்ள விகிதம் உங்களுக்கு வெப்பநிலையைச் சொல்லும். வெப்பநிலை தெரிந்தால் ஒரு சதுர மீட்டர் எவ்வளவு வீசும் என்று தெரியும், தூரத்தை நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம், மொத்தம் வந்த ஆற்றலை அதால் வகுத்தால் பரப்பு, பரப்பில் இருந்து விட்டம். அவ்வளவுதான்.

இதையே ஒழுங்காகச் செய்ய 1998-ல் ஆலன் ஹாரிஸ் கொடுத்த நியாட்டம் என்ற மாதிரி இருக்கிறது. அதில் ஈட்டா என்று ஒரு திருகு உண்டு, மேடுபள்ளம், சுழற்சி, வெப்ப நிலைமம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டு, கோளத்தின் மேல் வெப்பம் எப்படிப் பரவியிருக்கும் என்று கணக்கிடும். பைத்தானில் எழுதினால் ஐம்பது வரி வராது. உங்கள் விடையை நியோவைஸ் குழுவின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்குள் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அவர்களுடைய விட்டங்களிலேயே அந்த அளவு பிழை உண்டு. அதைவிட விலகினால் முதலில் தூரத்தை மாற்றிப் போட்டீர்களா என்று பாருங்கள், சூரியனில் இருந்து உள்ள தூரம் ஒன்று, நம்மிடம் இருந்து உள்ள தூரம் வேறு.

விட்டம் வந்ததும் வாய் நீளக் கூடாது என்பதற்கு பென்னு ஒரு நல்ல பாடம். சுமார் 490 மீட்டர் விட்டம் உள்ள அந்தச் சிறுகோளை ஸ்பிட்சர் 2007-ல் பார்த்தது. வெப்ப நிலைமம் குறைவாக வந்ததால் மேற்பரப்பு மணல் மாதிரிப் பொடியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2018-ல் ஒசைரிஸ்-ரெக்ஸ் என்ற விண்கலம் போய்ச் சேர்ந்து பார்த்தால் எங்கு திரும்பினாலும் பாறாங்கல்! சூட்டை அளந்ததில் தப்பில்லை. அந்தக் கற்கள் உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாக, சீக்கிரம் ஆறிப்போகிற மாதிரி இருந்திருக்கின்றன. களமா காடா என்று மட்டும் யோசித்தவர்களுக்கு செங்கல் சூளைக் கட்டி மாதிரி ஒன்று காத்திருந்தது.

இந்தக் கணக்கு நிஜத்தில் அவசரத்துக்கு உதவியதையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் கடைசியில் சிலியில் இருந்து கண்டுபிடித்த 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு பிப்ரவரியில் மூன்று சதவீதத்தைத் தாண்டிப் போனது, பிறகு பாதை சரியாகத் தெரிந்ததும் அந்த ஆபத்து இல்லை என்றானது. விட்டம் 40-ல் இருந்து 90 மீட்டருக்குள் என்றுதான் அதுவரை சொல்ல முடிந்தது. 2025 மார்ச்சில் வெப் அதன் சூட்டை அளந்து, சுமார் 60 மீட்டர் என்று முடிச்சை அவிழ்த்தது.

ஐந்தாம் படி: இப்போது புறக்கோள்

நான்கைந்து சிறுகோள் முடித்திருந்தால் வாருங்கள்.

புறக்கோளில் இரண்டு வித அளவீடு. ஒன்று, கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் போகும்போது ஒளி குறையும், அப்போது கோளின் ஓரத்தில் உள்ள காற்று வழியாக வடிகட்டி வரும் ஒளியைப் பார்ப்பது. இன்னொன்று, கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது எவ்வளவு வெப்பம் காணாமல் போகிறது என்று பார்ப்பது, மண்சட்டியை எடுத்துவிட்டு மறுபடியும் அளப்பது மாதிரி. இரண்டாவதை முதலில் செய்து காட்டியது ஸ்பிட்சர், 2005-ல்.

பழக ஏற்றது வாஸ்ப்-39பி. ஏறக்குறைய 700 ஒளியாண்டு தூரம், சனி அளவு எடை, ஆனால் வியாழனைவிட 1.3 மடங்கு பெரிய விட்டம், நாலு நாளுக்கு ஒரு சுற்று, சூடு 900 டிகிரி செல்சியஸ். ஊதிய பலூன் மாதிரி. ஈர்ப்பு குறைவு, சூடு அதிகம் என்பதால் அதன் வளிமண்டலம் புசுபுசுவென்று எழும்பி நிற்கிறது. காற்று ஒரு படி மெலிய நம் ஊரில் எட்டரை கி.மீ. ஏற வேண்டும், அங்கே கிட்டத்தட்ட 1000 கி.மீ. அதனால்தான் அங்கே காற்றைப் பார்ப்பது சுலபம், பூமி மாதிரிக் கோளில் பார்ப்பது குதிரைக்கொம்பு.

தரவு மாஸ்ட் காப்பகத்தில் இருக்கிறது, வெப் திட்ட எண் 1366. எடுத்த கணமே பொதுவில் வைத்த திட்டம் அது, காத்திருப்பு இல்லை. அதில் நிர்ஸ்பெக் கருவியின் ஜி395ஹெச் என்ற பகுதியை எடுங்கள், 2.9-ல் இருந்து 5.1 மைக்ரான் வரை. பிரிசம் என்று இன்னொன்றும் இருக்கும், அதில் மொத்த நிறமாலையும் ஒரே தடவையில் கிடைக்கிறதே என்று கை போகும், ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு 2 மைக்ரானுக்குக் கீழே பிக்சல்கள் நிரம்பி வழிந்துவிட்டன, புதியவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

கோப்புகளில் பல நிலைகள் உண்டு. 'அன்கால்' என்று முடிவது கச்சாச் சரக்கு, ஜிபி கணக்கில் இறங்கும். ஆர்வக்கோளாறில் அதைத் தொடாதீர்கள். 'எக்ஸ்1டிஇன்ட்ஸ்' என்று முடிவதை எடுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் நிறமாலை பிரித்துத் தயாராக இருக்கும். லேப்டாப் திணறினால் கூகுள் கோலாபில் ஓட்டலாம், ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகம் அந்தக் கோப்பைத் திறக்கும்.

திறந்ததும், ஒவ்வொரு பதிவிலும் எல்லா அலைநீளத்தையும் கூட்டி ஒரே எண் ஆக்கி, நேரத்துக்கு எதிரே வரையுங்கள். எட்டு மணி நேரக் கோடு, நடுவில் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு பள்ளம், ஆழம் 2.1 சதவீதம் வாக்கில். இவ்வளவு தூரத்துக் கோள் உங்கள் லேப்டாப்பில் நிழல் விழுத்துவதைப் பார்க்கும் அந்த ராத்திரி தூக்கம் வராது, அது சரி. ஆனால் பள்ளத்தின் நடுவில் ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி தெரியும். அதைப் பார்த்து நிலாவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நண்பர்களுக்கு மெசேஜ் போட்ட ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும், அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். வெப்பின் 18 கண்ணாடித் துண்டுகளில் ஒன்று அப்போது இம்மியளவு அசைந்துவிட்டது, அதன் தடம் அது. பகுப்பாய்வு செய்த குழுவே கட்டுரையில் எழுதியிருக்கிறது, நான் கடைசியில்தான் படித்தேன். அசைவுக்கு முன், பின் என்று இரண்டு துண்டாக்கி, பின் துண்டின் மட்டத்தைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

பிறகு அலைநீளத்தைச் சிறு சிறு பாத்திகளாகக் கட்டி, ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாகப் பள்ளத்தின் ஆழத்தை எடுங்கள். பேட்மேன் என்ற நூலகம் பள்ளத்தின் வடிவத்தைக் கணக்கிட்டுத் தரும், நட்சத்திரத்தின் ஓரம் மங்கலாக இருப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆழத்தை அலைநீளத்துக்கு எதிரே வரைந்தால், 4.3 மைக்ரான் பக்கம் ஒரு மேடு எழும்பி 2.2 சதவீதத்தைத் தாண்டும். அது கரியமில வாயு. 2022 ஆகஸ்டில் வெளியான அந்த மேடுதான், ஒரு புறக்கோளில் கரியமில வாயு இருப்பதற்குக் கிடைத்த முதல் ஐயமில்லாத சான்று. கொஞ்சம் இடப்பக்கம், 4.05 மைக்ரானில் ஒரு குட்டி மேடு தெரிந்தால் அது கந்தக டைஆக்சைடு, நட்சத்திர ஒளி பட்டு அங்கேயே நடக்கும் வேதிவினையில் உண்டானது.

உங்கள் வரைபடத்தில் மேடு எழும்பவில்லை என்றால் பதறாதீர்கள், பாத்தியை அகலப்படுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் மேடு எழும்பினால்தான் பயப்பட வேண்டும். மிரி கருவியில் அளவீடு தொடங்கிய முதல் அரைமணி, ஒருமணி நேரம் கோடு நிலைக்காமல் சரியும், மோட்டார் போட்டதும் முதலில் வரும் கலங்கல் தண்ணீர் மாதிரி, அதை வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஸ்பிட்சர் பழைய தரவில் பேட்டரி ஹீட்டர் ஓடி நிற்பதற்கு ஏற்ப விண்கலமே லேசாக ஆடும், நட்சத்திரம் பிக்சலுக்குள் நகரும், பிரகாசம் ஏறி இறங்கும். நட்சத்திரத்தின் மேல் புள்ளிகள் இருந்தால் அங்கேயே நீராவி இருக்கலாம், அது கோளின் நீராவி மாதிரி வேஷம் போடும். கே2-18பி என்ற கோளில் 2023-ல் மீத்தேனும் கரியமில வாயுவும் கண்டதாக அறிவித்தார்கள். 2025-ல் உயிர்களோடு தொடர்புள்ள ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது என்றார்கள், வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்துவிட்டு அவ்வளவு வலுவில்லை என்றன. உயிர் இருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்கு நான் கட்டைவிரல்கூடப் போடவில்லை.

இப்போது நான் ஏன் சிறுகோளை முதலில் செய்யச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். டிராப்பிஸ்ட்-1 என்று 40 ஒளியாண்டு தூரத்தில் ஒரு குட்டி நட்சத்திரம், சுற்றிலும் பூமி அளவில் ஏழு கோள்கள். அதில் முதல் கோளான 'பி' பின்னால் மறைவதை வெப் 15 மைக்ரானில் அளந்தது, முடிவு 2023 மார்ச்சில் வந்தது. கோளின் பகல் பக்கச் சூடு சுமார் 500 கெல்வின். கனமான காற்று இருந்திருந்தால் அது வெப்பத்தை இரவுப் பக்கத்துக்கு இழுத்துப்போயிருக்கும், பகல் பக்கம் 400 பக்கம்தான் வந்திருக்கும். காற்றில்லாத கறுத்த வெறும் பாறை, வாங்கிய சூட்டை வாங்கிய இடத்திலேயே வீசுகிறது என்று கணக்கிட்டால் 508 வருகிறது. வெறும் பாறையின் சூட்டுக்கணக்கு! நான்காம் படியில் நீங்கள் போட்ட அதே கணக்கு, சூரியனுக்குப் பதில் வேறு நட்சத்திரம், அவ்வளவுதான். இராமானுஜனை அளந்தவருக்கு அந்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்க அரைமணி நேரம் போதும்.

ஆறாம் படி: மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

டிராப்பிஸ்ட்-1 கும்ப ராசியில், கோள்கள் நடமாடும் வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் வெப் அந்த நட்சத்திரத்தையே மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கும்போது, குறுக்கே நம் சூரியக் குடும்பத்துச் சிறுகோள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. புறக்கோள்காரர்களுக்கு அது பின்னணிக் குப்பை, கழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எம்ஐடியைச் சேர்ந்தவர்கள் நடத்திய குழு ஒன்று அந்தக் குப்பையை எடுத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை, சிறுகோள் எந்தத் திசையில் எந்த வேகத்தில் போயிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக ஊகித்து, அந்த அளவுக்கு நகர்த்தி நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். ஊகம் சரியாக விழுந்தால், தனிப்படத்தில் கண்ணுக்கே தெரியாத கல் புள்ளியாக எழுந்து நிற்கும். 2024 டிசம்பரில் முடிவு வந்தது: பட்டையில் 138 புதிய சிறுகோள்கள், பத்து மீட்டர் வரை சின்னவை, ஒரு பஸ் நீளம்.

மாமா இதைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவே இல்லை. குஞ்சு வளர்ந்து வண்டி ஏறிப் போன பிறகு கொட்டாயில் கிடக்கும் தேங்காய்நார்த் தூளைத்தான் அவர் எருவாகத் தோப்புக்காரர்களுக்கு விற்கிறார், சில தடவை கோழியில் நிற்காத காசு அதில் நின்றிருக்கிறது.

அதனால் புறக்கோள் வேலையில் பின்னணி என்று கழிக்கும் படங்கள் கையில் வந்தால் அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். இடம் போதவில்லை என்றால் மாஸ்டில் மறுபடி எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று பெயரையாவது குறித்து வையுங்கள். மிரி எடுத்த படங்களாக, கோள்களின் வழிக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலில் பத்தே பத்துப் படம் எடுத்து, ஏற்கெனவே பாதை தெரிந்த ஒரு சிறுகோள் அதில் இருக்கிறதா என்று ஹொரைசன்ஸில் பார்த்து, அதன் வேகத்துக்கு நகர்த்தி அடுக்கிப் பாருங்கள். அது புள்ளியாக எழும்பினால் நிரல் சரி, அப்புறம் தெரியாத வேகங்களுக்குப் போகலாம். ஒரு ராத்திரி முழுக்க ஓடும், ஃபேன் கத்தும், லேப்டாப்பை மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.